மேதை ஆ. ப்ரூபேக்கர்

ஆமன் ப்ரூபேக்கர் நாற்பத்தோரு வருஷம் ப்ரெட்ஸல் என்ற முறுக்கு ரொட்டி சுடும் அடுப்பு முன்னால் நின்றவர். மாவு வெந்துவிட்டதா என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவார். பழைய மோட்டார் வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் இடது பக்கத்து இருக்கையில் எப்படி உட்கார்ந்து வருவது என்பதுதான். வீட்டிலிருந்த பென்ரிக் வண்டி 1911-ஆம் வருஷத்தது. அதற்கு ஸ்டீயரிங் வலது பக்கம். அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவள் அவர் மனைவி ஆர்டித்.

மார்ச் மாதம் ஆர்டித் இறந்துபோனாள். அக்டோபரில் ஆமன் முதல் முறையாக வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பதினான்கு மைலை மூன்று மணி நேரத்தில் கடந்து, பழைய வண்டிச் சந்தை கூடும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். வழியில் பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார்.

ஆர்டித் காலுறை ஆலையில் பின்னல் இயந்திரங்களைப் பழுது பார்த்தவள். 1952-இல் ஒரு பண்ணைக்காரரின் கோழிக்கொட்டகையில் இந்த வண்டியைக் கண்டுபிடித்தாள். வண்டி என்று சொல்வது உபசாரம். நான்கு பீப்பாய் நிறைய இரும்பும், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு சட்டமும், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் அதோடு மல்லுக்கு நின்றாள். ஒரு திருகாணியைக் கண்ணை மூடி விரலால் தடவி, "இது பென்ரிக் இல்ல, மரையோட இடைவெளி ஜாஸ்தி" என்பாள். இல்லாத பாகத்தை வரைந்து, வார்த்து, ராவி, பொருத்தினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் அதில் உலா போனார்கள். ஆமன் மடியில் வரைபடம் இருக்கும். அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக வண்டியைப் பற்றித்தான் பேசினாள்.

"கண்ணாடி அறைக்குள்ள பூட்டி வைக்கிறவனுக்குக் குடுக்காத ஆமன். பிரிச்சு விக்கிறவனுக்குக் குடுக்கவே குடுக்காத. ஓட்டுறவங்க கையில குடு."

"யாரு ஓட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வந்தவுடனே என்ன கேக்குறாங்கன்னு பாரு."

மைதானத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முன்விளக்குகளை மட்டும் கேட்டார். இன்னொருவருக்குச் சக்கரங்கள் வேண்டும். மூன்றாமவர், கையில் ஸ்பானரோடேயே வந்தவர், கொஞ்சம் இரக்கமுள்ள மனிதர். அவர் எடுத்துச் சொன்னார்: "தாள் இருக்கா பெரியவரே? தாள் இல்லாத வண்டி வண்டியே இல்ல. உதிரி. அந்தப் பச்சைக் கூடாரத்துல கழகத்துக்காரங்க இருக்காங்க. அவங்க அசல்னு எழுதிக் குடுத்தா முழுசா விக்கலாம். இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள நானே கழட்டி எடுத்துக்கறேன். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

தொன்மை மோட்டார் வண்டி அங்கீகாரக் கழகத்தின் கூடாரம் அந்தச் சேற்று மைதானத்திலேயே கம்பளம் விரித்த ஒரே கூடாரம். வாசலில் கழகத்தின் கொள்கை தங்க எழுத்தில் எழுதியிருந்தது: 'நாங்கள் சொல்லும்வரை எதுவும் அசல் அல்ல.' உள்ளே செயலாளர் டில்வொர்த் ஆமனிடம் நான்கு பக்கப் படிவத்தைக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தில் 'வண்டியைப் புதுப்பித்த கனவானின் பெயர்' என்று ஒரு கேள்வி. ஆமன் 'ஆர்டித்' என்று எழுதினார்.

"இது பெண் பேரு மாதிரி இருக்கே," என்றார் டில்வொர்த்.

"பெண்தாங்க. என் வீட்டம்மா."

"கேள்வியச் சரியாப் படிங்க. கனவானோட பேரைக் கேட்டிருக்கு. கனவான் யாரும் இல்லேன்னா 'புதுப்பிக்கப்படவில்லை'ன்னு எழுதணும்."

"ஆனா புதுப்பிச்சிருக்காளே, பத்தொன்பது வருஷம்."

"அதுக்கு இதுல இடம் இல்ல," என்று டில்வொர்த் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே இடமில்லை. ஆமன் அவர் சொன்னபடியே எழுதினார்.

சற்று நேரத்தில் தலைமை நடுவர் வெதரில் வெள்ளைக் கையுறையோடு வந்தார். கையில் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி. வண்டியின் அடிவயிற்றில் அதை விட்டுப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"துரு இல்லையே."

"அவ எடுத்துட்டா."

"யாரு எடுத்தா? புதுப்பிக்கப்படவில்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. எழுபத்தாறு வருஷம் கையே படாத வண்டி இவ்வளவு நல்லா இருந்தா சந்தேகப்பட வேண்டியிருக்கு."

அடுத்து முன்விளக்கின் பின்மூடிக்குப் போனார். வாயுவில் எரியும் அந்த விளக்கின் புகை போவதற்கான துளைகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். உதவி நடுவர்கள் இருவரை அழைத்துத் தனித்தனியாக எண்ணச் சொன்னார். மூவர் கணக்கும் ஏழு. வெதரில் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார்.

"கழகக் கையேடு, பக்கம் இருநூத்திப் பன்னெண்டு. 'பென்ரிக் 1911, முன்விளக்கின் பின்மூடியில் ஆறு துளைகள்.' ஆதாரம், ஆ. ப்ரூபேக்கர். முடிஞ்சுது. இது போலி."

ஆமன் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் தாடி வைத்த, கம்பீரமான ஒரு மனிதரின் படம். அடியில் 'மேதை ஆ. ப்ரூபேக்கர்' என்று இருந்தது.

"இது யாருங்க?"

"கேட்டீங்களே ஒரு கேள்வி!" வெதரில் கையுறையைக் கழற்றிவிட்டே பேச ஆரம்பித்தார். "இந்தப் புத்தகத்துல பாதி அவர் கடிதங்கள்தான். இருபத்தெட்டு வருஷம் எழுதினார். என்ன பாகத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் எந்த வண்டி, எந்த வருஷம்னு ஒரே வாரத்துல பதில் வரும். ஒரு தடவை கூட நேர்ல வந்ததில்ல. அதனால முகம் தெரியாது. அவர் எழுதற தோரணையை வெச்சுத் தாடி இருக்கும்னு செயற்குழு ஒருமனதா முடிவு பண்ணி ஓவியர்கிட்ட சொல்லிட்டோம். ஒரு தடவை ஆண்டு விருந்துக்கு அழைப்பு அனுப்பினோம். 'என் கணவரையும் அழைத்து வரலாமா?'ன்னு பதில் வந்துது. மேதைகளுக்குக் கைப்பிழை வர்றது சகஜம். 'மனைவியை'ன்னு திருத்திக் கோப்புல வெச்சோம். மனைவிமாரைக் கூட்டிட்டு வர அனுமதி இல்லைன்னு மரியாதையா பதில் போட்டோம். அவர் வரல. எவ்வளவு சுயமரியாதை பாருங்க!"

ஆமனுக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. ஆர்டித் தன் நீலக் கவுனைத் தேய்த்துக் கதவில் மாட்டி வைத்திருந்தாள். அவருடைய காலணிகளுக்கும் அவளே பாலிஷ் போட்டாள். பிறகு ஒருநாள் தபால் வந்தது. கவுன் அலமாரிக்குள் போய்விட்டது. "அன்னிக்கு மழை வரும் போலிருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கழகத்திலிருந்து வந்த எல்லாக் கடிதமும் 'அன்புள்ள ஐயா' என்றுதான் ஆரம்பிக்கும். ஒருநாள் ஆமன் பொறுக்க மாட்டாமல், "நீ ஐயா இல்லைன்னு ஒரு வரி எழுதிப் போடேன்," என்றார். "எழுதினா படம் அனுப்பறத நிறுத்திடுவாங்க ஆமன்," என்று சொல்லிவிட்டு, வந்த புகைப்படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்துகொண்டாள்.

"அது என் மனைவிங்க," என்றார் ஆமன் இப்போது. "ஆ. ப்ரூபேக்கர்னா ஆர்டித் ப்ரூபேக்கர். அவதான்."

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெதரில் ஆமனின் தோளில் கை வைத்தார். "துக்கத்துல மனுஷனுக்கு என்னென்னவோ தோணும். இந்த மாவட்டத்துல தடுக்கி விழுந்தா ஒரு ப்ரூபேக்கர். போய் ஒரு சூப் குடிங்க."

மறுநாள் ஆமன் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். அதில் ஆர்டித் தட்டச்சு செய்த கடிதங்களின் கார்பன் நகல்கள் வருஷவாரியாக இருந்தன. 1961, மே மாதத்துக் கடிதத்தை எடுத்து டில்வொர்த்தின் முன்னால் வைத்தார். 'முதல் நூறு வண்டிகளில் ஏழு துளைகள். அதன் பிறகே ஆறு. தயவுசெய்து இரண்டையும் குறிப்பிடுங்கள்.'

"பாருங்க, ஏழுன்னு அவளே எழுதியிருக்கா. நீங்க பாதியத்தான் அச்சுல போட்டிருக்கீங்க."

"இது நகல்," என்றார் டில்வொர்த். "மூலக் கடிதம் எங்க அலமாரில இருக்கு."

"அதை எடுத்துப் பாருங்களேன்."

"கடிதம் எழுதினவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இல்லாம அலமாரியத் திறக்க முடியாது."

"அவ செத்துப்போயிட்டா ஐயா."

"அப்படின்னா பிரச்சினையே இல்ல. எழுதினவர் இறந்து ஐம்பது வருஷம் ஆனதும் யார் வேணாலும் பாக்கலாம்." டில்வொர்த் கனிவானவர். உடனே ஒரு காகிதத்தை எடுத்தார். "இப்பவே பதிஞ்சு வெச்சுக்கறேன். உங்க முழுப் பேரு?"

நேற்றைய படிவத்தில் உரிமையாளர் பெயர் நான்காம் பக்கத்தில் இருந்தது. சோதனை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிட்டதால் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

"ஆமன் ப்ரூபேக்கர்."

பேனா நின்றது. "ஆ... ப்ரூபேக்கர்?"

"ஆமாங்க."

டில்வொர்த் நாற்காலி கவிழ எழுந்தார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் நடந்தவை ஆமனுக்குச் சரியாகப் புரியவில்லை. யாரோ அவருக்கு மெத்தை நாற்காலி போட்டார்கள். யாரோ காபி கொண்டுவந்தார்கள். வெதரில் ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்களில் நீர்.

"எங்களச் சோதிச்சுப் பாத்துட்டீங்க! மனைவி, மனைவின்னு சொல்லி எங்கள மடக்கப் பாத்தீங்க! தாடிய எப்ப எடுத்தீங்க?"

"நான் தாடியே வெச்சதில்ல. ஐயா, நான் ப்ரெட்ஸல் போட்டவன். ஒரு பாகமும் எனக்குத் தெரியாது. எல்லாம் அவதான்."

"என்ன அடக்கம்!" என்றார் வெதரில் டில்வொர்த்திடம். "எழுதிக்கோங்க. சொன்னபடியே எழுதிக்கோங்க."

மூன்று நடுவர்களும் மறுபடி வண்டியைச் சுற்றினார்கள். ஏழு துளை இப்போது 'அபூர்வ முன்வகை' ஆகிவிட்டது. கையேட்டின் ஆறு, அச்சுப்பிழை ஆகிவிட்டது. துரு இல்லாதது பராமரிப்பின் உச்சம் ஆகிவிட்டது. நேற்று சட்டத்தில் தட்டுப்பட்ட ஒரு பற்றவைப்புத் தழும்பை, தொழிற்சாலையே அன்போடு செய்தது என்று குறித்துக்கொண்டார்கள். தாள் தயார். ஒரே ஒரு உறுதிமொழியில் மட்டும் கையெழுத்து வேண்டும்: 'ஆ. ப்ரூபேக்கர் நானே.'

ஆமன் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நான் இல்லீங்க."

"உங்க பேரு ஆ. ப்ரூபேக்கரா, இல்லையா?"

"ஆமா, அதுதான்."

"அப்ப இதுல பொய் எங்க இருக்கு?"

ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆமன் வெளியே பார்த்தார். ஸ்பானர்க்காரர் வண்டியின் முன்விளக்குப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எந்த மரையை முதலில் கழற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆமன் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு அதைப் பார்க்கவில்லை. கையை மட்டும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் அவருக்காக விருந்து வைத்தார்கள். ஆர்டித்தின் அடக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடைதான் ஆமனிடம் இருந்த ஒரே நல்ல உடை. அதைப் போட்டுக்கொண்டு போனார். கோழியும் சோளமும் போட்ட சூப், பன்றித்தொடைக் கறி, வெல்லப்பாகு பை என்னும் இனிப்பு அப்பம் எல்லாம் பரிமாறினார்கள். கூடாரத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். வெதரில் பேசினார்.

"அன்பர்களே, அசலை அடையாளம் காண்பதுதான் நம் தொழில். ஒரு திருகாணியை நம்மிடம் யாரும் மாற்றிக் கொடுத்து ஏமாற்ற முடியாது. அப்படிப்பட்ட நாம் ஒரு மனிதரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டோம். இதோ, மேதை ஆ. ப்ரூபேக்கர்!"

ஆமன் எழுந்தார். இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நான் அந்த ஆளு இல்ல. உங்களுக்கு எழுதினது என் மனைவி ஆர்டித். நான் தபால்தலை ஒட்டினேன், அவ்வளவுதான். அந்த வண்டிய அவ செஞ்சா. உங்க புத்தகத்தையும் அவதான் செஞ்சா. அவளுக்கு விரல்ல கண்ணு இருந்துது. நீங்க ஒரு தடவ கூப்பிட்டப்ப, வரணும்னு கவுன் எல்லாம் தேய்ச்சு வெச்சிருந்தா. மார்ச் மாசம் போயிட்டா. நேத்து நான் பயந்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேரு அவளோடது. எனக்கு வேண்டாம். அவளுக்குக் குடுங்க."

ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். பிறகு ஒருவர் எழுந்து கைதட்டினார். பத்துப் பேர் எழுந்தார்கள். இருநூறு பேரும் எழுந்து நின்று, தட்டுகள் அதிரக் கைதட்டினார்கள்.

வெதரில் எழுந்து சொன்னார்: "நாற்பது வருஷமாகக் கூட்டங்களில் பேச்சுக் கேட்கிறேன். தன் பெருமை முழுவதையும் இப்படி மனைவியின் காலடியில் வைத்த கணவரை நான் பார்த்ததில்லை. மகத்தான மனிதர்!"

கைதட்டல் மறுபடி எழுந்தது. ஆமன் வாய் திறந்தபோதெல்லாம் அது பலத்தது. கடைசியில் அவர் உட்கார்ந்துவிட்டார். எதிரே யாரோ ஒரு துண்டு இனிப்பு அப்பம் வைத்தார்கள். அதைச் சாப்பிட்டார். ஆர்டித் இறந்த பிறகு இனிப்பாக எதையும் அவர் தின்றதில்லை. அன்று அது வாய்க்குள் போனதே அவருக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. தாள் இருப்பதால் பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தன் வரவேற்பறையின் ஈரப்பதம் பற்றி விளக்கினார். இன்னொருவர் வண்டியைச் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னார். ஆமன் எல்லாருக்கும் தலையை ஆட்டி அனுப்பினார். மத்தியானத்துக்கு மேல் முழங்கால்வரை சேறான ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண் வந்தாள். லோர்னா ஸ்டக்கி என்று பேர், ஒஹாயோவில் மாட்டு வைத்தியம் பார்க்கிறவள்.

"ஓடுதா?" என்றாள்.

ஆமன் தொப்பியைக் கழற்றினார். "ஓடும்மா. மூணாவது கியர்ல கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"யாரு இப்படிச் செஞ்சது?" அவள் குனிந்து சட்டத்தின் தழும்பில் விரலை ஓட்டினாள். "என்ன கை இது! கண்ணுக்கே தெரியல, தடவினாத்தான் தெரியுது."

"என் மனைவி."

"நல்லாத் தெரிஞ்சவங்க," என்றாள் அவள், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல. வண்டியை அவளுக்கே பேசி முடித்தார். கடைசியில் ஆமன் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"இது எதுக்கு?"

"அசல்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"அதான் பாத்தாலே தெரியுதே," என்று அவள் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். "நீங்களே வெச்சுக்கங்க ஐயா."

வண்டி புறப்பட்டது. மூன்றாவது கியரில் முரண்டு பிடித்து, பிறகு வழிக்கு வந்தது. அந்தத் தாள் இல்லாமலேயே இது நடந்திருக்கும் என்று ஆமனுக்குப் புரிந்தபோது வண்டி சாலைத் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. அவர் சேற்றில் நின்றபடியே இருந்தார். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க அந்தக் கூடாரத்தில் எந்தப் படிவமும் இல்லை.

ஜனவரியில் கழகத்திலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. 'அன்புள்ள ஐயா, இந்தப் பித்தளைக் குழல் எந்த வண்டியுடையது?' ஆமன் அதை ஆர்டித்தின் மேசைமேல் வைத்து, அவளுடைய பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். அது ஒரு பித்தளைக் குழல் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பதில் எழுதினார்: 'ஆ. ப்ரூபேக்கர் மார்ச் ஒன்பதாம் தேதி காலமாகிவிட்டார். இதைச் சொல்லக்கூடியவர் இந்த வீட்டில் இனி யாரும் இல்லை.'

அடுத்த மாதம் கழகத்தின் பத்திரிகை கறுப்புக் கரையிட்டு வந்தது. அட்டையில் தாடிக்காரர். உள்ளே இரங்கல் குறிப்பு:

'மேதை ஆ. ப்ரூபேக்கர் மறைந்தார். கடிதத்தில் மார்ச் என்றிருந்ததைக் கைப்பிழை எனக் கொண்டு ஜனவரி எனத் திருத்தியுள்ளோம். அக்டோபர் விருந்தில் அன்னாரைக் கண்ணாரக் கண்டது நம் பாக்கியம். கணவரின் மேதைமைக்குத் துணை நின்ற ஆர்டித் அம்மையார் அவர்களது இல்லத்தில் நலமாக இருக்கிறார்.'

கூடவே ஒரு சின்னத் திருத்தச் சீட்டும் இருந்தது. பிழை இருந்தால் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பலாம், கழகம் பரிசீலிக்கும்.

ஆமன் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். சீட்டில் குறிப்பு முழுவதும் வரிவரியாக அச்சிடப்பட்டிருந்தது. 'ஜனவரி' என்பதை அடித்தார். 'அன்னாரைக் கண்ணாரக் கண்டது' என்பதை அடித்தார். 'கணவரின் மேதைமை' என்பதை, காகிதம் கிழியுமளவுக்கு அழுத்தி அடித்தார். கடைசி வரிக்கு வந்தார்.

'ஆர்டித் அம்மையார் அவர்களது இல்லத்தில் நலமாக இருக்கிறார்.'

பேனா அந்த வரிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் அதை இன்னொரு தடவை படித்தார். பிறகு மூடியைத் தேடி எடுத்துப் பேனாவை மூடினார்.